பதினைந்து வயதுக்கு யார் கதை சொல்வது?

மட்டாஞ்சேரி யூதர் தெருவின் கோடியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. அதன் தரையில் பதித்திருக்கும் நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகளுக்கு ஒரு கதை உண்டு. சுற்றுலா வழிகாட்டிகள் அதைச் சொல்லாமல் யாரையும் வெளியே விடுவதில்லை. கொச்சி ராஜா தம் அரண்மனைக்கென்று சீனாவிலிருந்து அந்த ஓடுகளை வரவழைத்தாராம். அவற்றின் மேல் கண் வைத்திருந்த யூத வணிகர் ஒருவர், பசுவின் ரத்தம் கலந்து செய்த ஓடுகள் இவை என்று ராஜாவின் காதில் மெல்லப் போட்டுவைத்தாராம். பதறிப்போன ராஜா, முதலில் இதையெல்லாம் இங்கிருந்து தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொல்ல, ஓடுகள் பத்திரமாக ஆலயத்தின் தரைக்கு வந்து சேர்ந்தனவாம்.

வரலாறு இவ்வளவு ருசியாக இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் எசக்கியேல் ரஹாபி என்ற பெருவணிகர் கான்டனிலிருந்து வரவழைத்துப் பதித்த ஓடுகள் அவை. ஆனாலும் கதைதான் ஜெயிக்கிறது. சல்மான் ருஷ்டி 1995-இல் எழுதிய கொச்சி நாவலில் இந்த ஓடுகள், பார்ப்பவர்களுக்கெல்லாம் புதுப்புதுக் காட்சிகளைக் காட்டும் மாய ஓடுகளாகவே ஆகிவிட்டன.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஓட்டுக் கதை குழந்தைக் கதை அல்ல. அதில் தந்திரம் இருக்கிறது, மத நம்பிக்கையை வைத்து ஆடும் சூது இருக்கிறது, அதிகாரத்துக்குப் பக்கத்தில் சிறுபான்மையாக வாழ்பவனின் சாமர்த்தியம் இருக்கிறது. ராஜா முட்டாளா, அல்லது எல்லாம் தெரிந்தும் விட்டுக்கொடுத்த பெருந்தன்மைக்காரரா? பொய் சொல்லி வாங்கிய பொருளைச் சாமி இருக்கும் இடத்தில் பதிக்கலாமா? எட்டு வயதுக் குழந்தைக்கு இந்தக் கேள்விகள் எழாது. பதினைந்து வயதுக்கு எழும். ஆனால் இந்தக் கதையைத் தினம் தினம் கேட்பவர்கள் ஜெர்மனியிலிருந்தும் தில்லியிலிருந்தும் வந்து இறங்கும் பயணிகள். அதே தெரு வழியாகப் பள்ளிக்கூடப் பையோடு சைக்கிளில் போகும் மட்டாஞ்சேரிப் பையனுக்கு அதை உட்காரவைத்துச் சொல்ல ஆள் இல்லை.

கதை சொல்லல் என்பது இப்போது நகரங்களில் ஒரு நாகரிகம். புத்தகக் கடைகளிலும் அபார்ட்மென்ட் மொட்டை மாடிகளிலும் பொம்மையும் கையுமாகக் கதைசொல்லிகள் வந்து சிங்கம் மாதிரி உறுமிக் காட்டுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எல்லாம் பத்து வயது வரைதான். மீசை அரும்பும் வயதில் ட்யூஷன் ஆரம்பமாகிறது, கதை நின்றுபோகிறது. காதல், துரோகம், சாதி, பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போவது, பெரியவர்கள் பொய் சொல்வது என்று ஒரு மனிதக் குஞ்சுக்கு முதன்முதலாக எல்லாம் ஒரே சமயத்தில் தெரியவரும் வயதில், அதைப் பற்றிப் பேசும் கதைகளைச் சொல்ல வீட்டில் எவரும் இல்லை. சினிமாவும் செல்போனும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். இடம் காலியாக இருந்ததால்தானே எடுத்துக்கொண்டன?

மரபில் அப்படி இருக்கவில்லை. கரிசல்காட்டுக் கதைசொல்லி கி.ராஜநாராயணன் திரட்டிய நாட்டுப்புறக் கதைகளில் ஒரு பெரிய பங்கு, நாகரிகம் கருதி நாம் மூடிவைத்திருக்கும் சமாசாரங்களைப் பற்றியது. களத்து மேட்டிலும் மாட்டு வண்டியிலும் பெரியவர்கள் பேச, விடலைகள் கேட்டு வளர்ந்த கதைகள். அதை ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று தலைப்பிட்டே புத்தகமாகப் போட்டார் அவர். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத கி.ரா.வைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்து உட்காரவைத்தது. 2021 மே மாதம் 98 வயதில் மறைந்த அவர், அங்கே மாணவர்களைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கதை திரட்டவைத்தார். காது கொடுத்துக் கேட்டவன்தான் பிறகு வாய் திறந்து சொல்வான் என்பது கிராமத்துக் கணக்கு.

மட்டாஞ்சேரியிலும் அதே கணக்குதான் ஒரு காலத்தில் நடந்தது.

யூதப் பெண்களின் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். ஆலயத்தில் ஆண்கள் எபிரேயத்தில் பிரார்த்தித்தார்கள். கல்யாணத்திலும் பண்டிகையிலும் பெண்கள் மலையாளத்தில் பாடினார்கள். வேதாகமக் கதைகள், கொடுங்ஙல்லூரை விட்டுக் கொச்சிக்கு வந்த கதை, ஆலயம் எழும்பிய கதை, கிளியையும் மணப்பெண்ணையும் பற்றிய பாட்டுகள் என்று நூற்றுக்கணக்கில் இருந்தன. நோட்டுப் புத்தகங்களில் கைப்பட எழுதிவைத்துக்கொண்டார்கள். ஆனால் மெட்டு நோட்டில் இல்லை. அது கூட உட்கார்ந்து பாடிய இளம்பெண்ணின் தொண்டையில் இருந்தது. 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கப்பலும் விமானமும் ஏறியபோது, நோட்டுகளும் பெட்டியில் போயின. பாட்டுகள் பிழைத்ததற்கு ரூபி டேனியல் போன்றவர்கள் முக்கியக் காரணம். மட்டாஞ்சேரியில் 1912-இல் பிறந்து, 1951-இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த அவர், சிறுமியாக இருந்தபோது கேட்ட பாட்டுகளையும் கதைகளையும் அமெரிக்க மானுடவியலாளர் பார்பரா ஜான்சனோடு சேர்ந்து மொழிபெயர்த்தார். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1995-இல் புத்தகமாக வந்தன. பாட்டுகளைத் தொகுப்பதில் கேரளத்தின் ஸ்கறியா சக்கரியாவின் உழைப்பும் பெரியது. ஆக, பாட்டு இப்போது பத்திரமாக இருக்கிறது, ஜெருசலேமில் ஒலிநாடாவாகவும் அச்சுப் புத்தகமாகவும். யூதர் தெருவில் கடைசியாக வாழ்ந்த பரதேசி யூதப் பெண்மணி 2024 ஆகஸ்டில் காலமானார். அத்தெருவில் இப்போது கலைப் பொருள் கடைகள்தான்.

தமிழ் வாசகருக்குச் சற்று நெருக்கமான கதை ஒன்றும் கொச்சிப் பக்கம் உண்டு. அது சவிட்டு நாடகம். சவிட்டு என்றால் மிதி. மரப்பலகை மேடையில் ஐரோப்பிய ராஜாக்களைப் போலக் கிரீடமும் சரிகை அங்கியும் போட்டுக்கொண்டு, பலகை அதிர மிதித்து, பாடியபடியே கதை சொல்வார்கள். போர்ச்சுக்கீசியர் காலத்தில் கடலோரக் கத்தோலிக்கர்களிடையே உருவான கலை. அதன் தலைசிறந்த கதை ‘காறல்மான் சரித்திரம்’. சார்லமேன் சக்கரவர்த்திதான் கொச்சிக் கடற்கரையில் காறல்மானாகிவிட்டார். எழுதியவர் என்று மரபு சொல்வது சின்னத்தம்பி அண்ணாவியை. பெயரைக் கேட்டாலே ஊர் தெரிந்துவிடும். பிரான்ஸ் தேசத்து ராஜாவின் கதையைக் கொச்சி மீனவர் பிள்ளைகள் பாடுவது தமிழ் கலந்த செய்யுளில்! கட்டியக்காரன்கூட அப்படியே இருக்கிறான். கோதுருத்தைச் சேர்ந்த சபீனா ராஃபி 1964-இல் இந்தக் கலையைப் பற்றி ஒரு முழு நூல் எழுதி, மறைந்துகொண்டிருந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

இதைக் கற்றுக்கொடுப்பவர் ஆசான். சுவடியைப் பார்த்து அவர் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல, மாதக்கணக்கில் நடக்கும் பயிற்சி. முழுக் கதையும் ஆடிமுடிக்கப் பல இரவுகள் பிடிக்கும். 2013-இல் கேரளப் பள்ளிக் கலோற்சவத்தில் சவிட்டு நாடகம் ஒரு போட்டியாகச் சேர்க்கப்பட்டது. பல ஆசான்களுக்கு மறுவாழ்வு. கடலைப் பார்த்திராத மலைநாட்டுப் பள்ளிகளில்கூட பதினைந்து வயதுப் பெண்கள் காறல்மான் வேஷம் கட்டுகிறார்கள். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் பல இரவுகளின் கதை குறித்த நிமிடங்களுக்குள் அடங்க வேண்டும், மதிப்பெண் மிதியின் சுத்தத்துக்கும் உடையின் பளபளப்புக்கும். கதை என்ன ஆயிற்று? வாயிலிருந்து வரும் தமிழ் வரிக்கு அர்த்தம் என்ன என்று கேட்டால் மேடையில் நிற்கும் எத்தனை பேர் சொல்வார்கள்? நடுவரும் கேட்பதில்லை.

1957-இல் எர்ணாகுளத்தில் சிறிதாகத் தொடங்கிய கலோற்சவம் இன்று ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கலந்துகொள்ளும் திருவிழா. அதோடு கிரேஸ் மார்க், பட்டு, நகை, அப்பீல், நீதிமன்ற வழக்கு எல்லாம் வந்துவிட்டன. அதற்காகத் திருவிழாவையே குற்றம் சொல்வது நியாயமில்லை. சுருக்குவதுகூடக் குற்றமில்லை. இலங்கையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் விடிய விடிய ஆடும் மட்டக்களப்புக் கூத்தை, பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கித்தான் மேடையேற்றினார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ எல்லாம் அப்படிப் பிறந்தவை. இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு பிறகு கூத்துக்கே ஒரு பல்கலைக்கழகம்போல ஆனார். சுருக்கியபோது அவர்கள் கதையைக் கீழே போடவில்லை. இராவணன் ஏன் அப்படிச் செய்தான் என்பதுதான் அங்கே மையம், தாளம் அதற்குத் துணை.

கலோற்சவத்தில் கதையை நேரடியாகக் கையில் எடுக்கும் போட்டியும் ஒன்று உண்டு: கதாபிரசங்கம். நம்மூர்க் கதாகாலட்சேபத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒரு ஆள் நின்றுகொண்டு பேசுவார், பாடுவார், எல்லாப் பாத்திரமாகவும் மாறுவார். பக்கத்தில் ஆர்மோனியம், தபலா, கையில் சப்ளாக்கட்டை. 1924-இல், கொச்சிக்கு வடக்கே பரவூர்ப் பக்கம், ஸ்ரீநாராயண குருவின் ஊக்கத்தில் சி.ஏ. சத்யதேவன் முதன்முதலில் இதை மேடையேற்றினார். புராணத்தை விட்டுவிட்டு அவர் எடுத்துக்கொண்டது குமாரன் ஆசானின் ‘சண்டாலபிக்ஷுகி’. தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட புத்த பிக்குவுக்கு, தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட இளம்பெண் தண்ணீர் வார்க்கும் கதை. வைக்கம் கோவில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்த அதே வருஷம். எந்தக் கதையை யாருக்கு எப்போது சொல்வது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இருக்கவில்லை.

இந்தக் கலையின் சக்கரவர்த்தி வி. சாம்பசிவன் மேடையேறியது 1949-இல், இருபது வயதில். கல்லூரியில் படிக்கப் பணம் வேண்டியிருந்தது, கதை சொல்லிச் சம்பாதிக்கலாம் என்று இறங்கினார். சங்ஙம்புழாவின் ஒரு கவிதைதான் அவரது முதல் கதை. பிறகு டால்ஸ்டாயின் நாடகம் ஒன்றை ‘அனீஸ்யா’ என்றும், ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவையும் கோவில் திருவிழாக் கூட்டத்துக்குச் சொன்னார். டால்ஸ்டாய் யாரென்று கேள்விப்பட்டிராத கயிறு திரிக்கும் தொழிலாளியும் அவர் மகனும் மணலில் உட்கார்ந்து விடியும்வரை ருஷ்யக் கிராமத்து வீட்டில் நடக்கும் கொலைக்காகப் பதறினார்கள். 1996-இல் சாம்பசிவன் மறைந்தார். கலோற்சவத்துக்கு வெளியே கதாபிரசங்க மேடைகள் அருகிவிட்டன. பரிசு வாங்கிய பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சப்ளாக்கட்டையைப் பரணில் போட்டுவிட்டு என்ட்ரன்ஸ் கோச்சிங்குக்குப் போகிறான். ஊரில் அவனைக் கூப்பிட்டு, எங்கள் தெருவில் ஒரு நாள் சொல்லேன் என்று கேட்கும் ஆள் வேண்டும். அது அரசாங்கம் செய்யும் காரியமல்ல.

மட்டாஞ்சேரியில் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஊரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வரலாம். போர்ச்சுக்கீசியரின் கெடுபிடிக்குத் தப்பிக் கோவாவிலிருந்து ஓடிவந்த கொங்கணிகள், வியாபாரத்துக்கு வந்த குஜராத்திகள், கச்சிலிருந்து வந்த மேமன்கள், கொஞ்சம் தள்ளி ஃபோர்ட் கொச்சியில் டச்சுச் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட வண்ணார்களின் வழிவந்தவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ‘வந்த கதை’ இருக்கிறது. ஆனால் அது சுவர் தாண்டுவதில்லை. கொங்கணி வீட்டுப் பெண்ணுக்குத் தன் பாட்டி சொன்னது தெரியும், எதிர் வீட்டு மேமன் பையனின் பாட்டி சொன்னது தெரியாது. இரண்டு பேரும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். அவள் கதையை அவனும் அவன் கதையை அவளும் மாற்றிச் சொல்லட்டுமே. அடுத்தவன் வீட்டுக் கதையைத் தப்பில்லாமல் சொல்ல வேண்டுமென்றால் அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். மதக் கலவரச் செய்திகள் நாள் தவறாமல் வரும் தேசத்தில் இது சின்ன விஷயமில்லை.

எல்லோருக்கும் பொதுவான கதை ஒன்றும் இந்த ஊரில் இருக்கிறது. அதன் பெயர் சாப்பா.

துறைமுகத்தில் அன்றைக்கு வேலை யாருக்கு என்பதை ஒரு உலோக வில்லை முடிவு செய்த காலம் அது. சாப்பா என்று அதற்குப் பெயர். கூலிக்காரர்கள் விடியலில் கூட்டமாக நிற்பார்கள். தரகனான மூப்பன் வில்லைகளை அள்ளிக் கூட்டத்தின் மேல் வீசுவான். பிடித்தவனுக்கு வேலை, பிடிக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, மிதித்து, அண்ணனும் தம்பியும் ஒரு வில்லைக்காக அடித்துக்கொண்ட முறை. இதற்கு எதிராகத் தொழிலாளர்கள் திரண்டார்கள். இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்த வேலைநிறுத்தத்தின் முடிவில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. சைது, சைதலவி, ஆன்றணி என்ற மூன்று தொழிலாளர்களின் உயிர் அந்தப் போராட்டத்தில் போயிற்று. சாப்பா முறை பின்னர் ஒழிந்தது.

இந்தக் கதை எப்படிக் கைமாறியது என்பதும் ஒரு கதை. கே.எம். சிதம்பரன் இதை 1960களில் ‘துறைமுகம்’ என்று நாடகமாக எழுதினார். அவர் மகன் கோபன் சிதம்பரன் அதைத் திரைக்கதையாக்க, ராஜீவ் ரவி இயக்கத்தில் நிவின் பாலி நடித்து 2023 மார்ச்சில் படமாக வந்தது. மட்டாஞ்சேரி இளைஞர்களில் பலர் தங்கள் தாத்தாக்களின் கதையை முதன்முதலாகக் கேட்டதே தியேட்டரில்தான் இருக்கும். படம் நல்ல படம். ஆனால் தியேட்டர் இருட்டில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்க முடியாது. வில்லை கனமாக இருக்குமா, லேசாகவா? ஒரு நாள் பிடித்தவன் மறுநாளும் வந்து நிற்பானா? பிடிக்காமல் வீடு திரும்பியவன் மனைவியிடம் என்ன சொன்னான்? மூப்பனின் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள், அவர்களோடு யாராவது விளையாடினார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பதினைந்து வயதுப் பையன்தான் கேட்பான். அதற்குப் பதில் எந்த நூலகத்திலும் இல்லை.

1953-இல் அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு கடவுக்குப் போன பத்து வயதுப் பையனுக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்கள் இனி மட்டாஞ்சேரிச் சந்துகளில் எத்தனை பேர் மிச்சம் இருந்துவிட முடியும்? சாயங்கால வேளையில் பள்ளிவாசல் திண்ணையிலோ தேநீர்க் கடை பெஞ்சிலோ அவர் உட்கார்ந்திருப்பார். காது கொஞ்சம் மந்தமாகியிருக்கும், சத்தமாகக் கேட்க வேண்டும்.